விழுப்புரம் – திண்டிவனம்: ஊரிடைப் போக்குவரத்து

விழுப்புரமும் திண்டிவனமும் சென்னை – திருச்சிராப்பள்ளிப் பெருவழியில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 37 கி.மீ. தொலைவில் உள்ள நகரங்கள். 2011 கணக்கெடுப்பின்படி விழுப்புரத்தில் 96,253 பேரும் திண்டிவனத்தில் 72,796 பேரும் வசித்தனர். முன்னது ஐந்து திசை இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பு. பின்னது சென்னை, புதுச்சேரி, விழுப்புரம், திருவண்ணாமலைச் சாலைகள் பிரியும் முனை. இருந்தும், சென்னைக்குப் போக வழியுள்ள அளவுக்கு அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போக இங்கு வழியில்லை. திண்டிவனத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் செஞ்சிக்கு இன்றுவரை ரயில் கிடையாது. பேருந்து தவறினால் இருசக்கர வாகனம் அல்லது ஷேர் ஆட்டோதான்.

திண்டிவனம் என்னும் பெயர் புளியமரத்தைக் குறிக்கும் ‘திந்திரிணி’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. புளியங்காடு என்பது பொருள். ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் இந்தப் பெருவழியின் இருபுறமும் நிழல் தந்த புளியமரங்கள் நான்குவழிச் சாலைக்காக வெட்டப்பட்டதை இவ்வட்டாரத்து முதியவர்கள் இன்னும் சொல்லிக் குறைப்படுவார்கள்.

இருப்புப்பாதையின் தொடக்கம்

தென்னிந்தியப் பெரும் ரயில்வே, கர்நாடக ரயில்வே என்னும் இரு கம்பெனிகள் 1874இல் ஒன்றாகித் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவானது. தஞ்சைப் பகுதியைச் சென்னையோடு இணைப்பது அதன் முதல் பெரிய வேலைகளுள் ஒன்று. அதற்கெனச் செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர், மாயவரம் வழியாக மீட்டர் பாதை இடப்பட்டது. தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. 1870களின் இறுதிக்குள் திண்டிவனமும் விழுப்புரமும் ரயிலைப் பார்த்துவிட்டன. பாதை அகலம் மீட்டர் அளவாக அமைந்தது சிக்கனத்துக்காக. அந்தச் சிக்கனத்தின் விலையை இவ்வூர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்துவந்தன.

விழுப்புரத்தைச் சந்திப்பாக்கியது புதுச்சேரிக் கிளை. 1879 டிசம்பரில் திறக்கப்பட்ட இப்பாதையின் நீளம் சுமார் 38 கி.மீ. கடைசிப் பகுதி பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் கிடந்தது. அதற்கென்று தனிக் கம்பெனி இருந்தபோதிலும் வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வேதான். தென்னார்க்காட்டில் மல்லாட்டை என்று சொல்லப்படும் வேர்க்கடலை அக்காலத்தில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. எண்ணெய்க்கும் சோப்புக்கும் மார்சேய் ஆலைகளுக்கு அது வேண்டியிருந்தது. 1890களின் தொடக்கத்தில் திருக்கோவிலூர், திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கும் அதற்கு அப்பால் தர்மாவரம் வரைக்கும் மற்றொரு மீட்டர் பாதை சென்றது. இதுவும் மல்லாட்டை விளையும் வானம்பார்த்த பூமியின் ஊடாகவே போனது. 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குக் ‘கார்டு லைன்’ எனப்படும் குறுக்குப்பாதை வந்ததும் ஐந்தாம் திசையும் சேர்ந்தது. கடலூர், தஞ்சாவூர் வழியாகச் செல்வது ‘மெயின் லைன்’. கூட்டமும் வேகமும் குறுக்குப்பாதைக்குப் போய்விட்ட பின்னும் அந்தப் பெயர் மாறவில்லை.

இந்த வரைபடத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். விளைச்சல் துறைமுகத்துக்குப் போகவும் தெற்குப் பயணி சென்னை சேரவும் போடப்பட்ட கோடுகள் இவை. பக்கத்துப் பக்கத்து ஊர்களைக் கோக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் சாலையில் 40 கி.மீ.க்குள்தான். ரயிலில் போக நினைப்பவர் தெற்கே விழுப்புரம் வரை இறங்கி, அங்கே வண்டி மாறி, மீண்டும் கிழக்கே ஏறக்குறைய அதே தூரம் போகவேண்டும். மொத்தம் 75 கி.மீ. திருவண்ணாமலைக்கும் இதே கதைதான். நேரே மேற்கே இருக்கும் ஊருக்கு, விழுப்புரம் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல்.

விழுப்புரம் சந்திப்பின் பொற்காலம் மீட்டர் பாதையின் மின்மயக் காலம் எனலாம். 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய மின்சார ரயில் 1960களில் மின்னோட்ட முறை மாற்றப்பட்டு விழுப்புரம் வரை நீண்டது. ஜப்பானிலிருந்து வந்த ‘யாம்–1’ மின் எஞ்சின்கள் இப்பாதையில் ஓடின. மின்கம்பி விழுப்புரத்தோடு முடிந்ததால் தெற்கே செல்லும் வண்டிகள் இங்கே மின் எஞ்சினைக் கழற்றிவிட்டு நீராவி அல்லது டீசல் எஞ்சினை மாட்டிக்கொண்டன. அந்த நேரம் நடைமேடைக் கடைக்காரர்களுக்கு வாய்த்தது. தென்மாவட்டங்களில் ஒரு தலைமுறைக்கு விழுப்புரம் என்றால் நள்ளிரவில் காபி குடித்த ஊர் என்பதே நினைவு. ஊருக்குள் காலெடுத்து வைத்தவர்கள் குறைவு.

அகலப்பாதை மாற்றம் கிளை கிளையாக நடந்தது. சென்னை – திருச்சிப் பாதை முதலில் மாறியது. புதுச்சேரிக் கிளை 2004இல். காட்பாடிக் கிளை மாற்றத்துக்காக மூடப்பட்டு 2010இல் திறக்கப்பட்டது. இடையில் திருவண்ணாமலை ரயிலில்லாமல் கிடந்தது. மின்கம்பி விழுப்புரத்தைத் தாண்டித் தெற்கே போனதும் அங்கே எஞ்சின் மாற்றும் வேலையும் முடிந்தது.

செஞ்சி வழிப் பாதை

திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை புதிய பாதைக்கு, ஏறத்தாழ 70 கி.மீ. நீளத்துக்கு, 2006–07 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் ஒப்புதல் கிடைத்தது. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ராணிப்பேட்டை வழியாக நகரிக்குச் செல்லும் சுமார் 180 கி.மீ. பாதையும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அப்போது ரயில்வே இணை அமைச்சராக இருந்தவர் அரக்கோணம் தொகுதியின் ஆர். வேலு. வட ஆர்க்காட்டுப் பகுதிக்கு வரவேண்டியது வந்துவிட்டதாக மக்கள் மகிழ்ந்தார்கள். செஞ்சிப் பாதையில் மண்ணடித்தலும் சில பாலவேலைகளும் நடந்து பின் நின்றன. சில ஆண்டுகளில் திட்டத்தை உயிரோடு வைத்திருக்க வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் திருவண்ணாமலைப் பயணத்துக்கே போதாத தொகை அது. மாநில அரசு நிலம் எடுத்துத் தரவில்லை என்று ரயில்வே தரப்பில் சொல்லப்படுவது உண்டு. பணம் வராமல் நிலம் வராது என்பதால் தாமதத்தின் வேர் ஒதுக்கீட்டில்தான் இருக்கிறது.

செஞ்சி ஒரு காலத்தில் நாயக்கர்களின் தலைநகர். சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே இருந்துகொண்டு முகலாயப் படையை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தடுத்து நிறுத்தினார். 1698இல்தான் கோட்டை வீழ்ந்தது. 2025 ஜூலையில் மராட்டியப் படைக் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணி ரயிலில் வந்தால் திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். எந்த நிறுத்தத்தில் என்று வழிகாட்டும் பலகையை எதிர்பார்க்காமல் வருவது நல்லது.

பேருந்து

தமிழ்நாட்டில் தனியார் பேருந்துகள் பலவும் அரசுடைமையானது 1970களின் தொடக்கத்தில். 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது; 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. 1997இல் தலைவர்களின் பெயர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும் நீக்கப்பட்டபோது இதுவும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம் கோட்டம் ஆனது. பின்னர் வேலூர், காஞ்சிபுரம் கழகங்களும் இதனோடு இணைந்ததால் வடதமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குப் பேருந்து விடுவது இவ்வூர் அலுவலகம்தான். பேருந்தின் பக்கவாட்டில் ‘விழுப்புரம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, விழுப்புரம் போகிறதா என்று கேட்டு ஏறி ஏமாந்தவர்கள் திருத்தணி வரை உண்டு.

நான்குவழிச் சாலையும் புறவழிச்சாலைகளும் வந்தபின் தொலைதூர வண்டிகள் ஊருக்குள் வருவதைக் குறைத்துக்கொண்டன. ‘பைபாஸ் ரைடர்’ என்று சில வண்டிகளுக்குப் பெயரே வைத்தார்கள். இரவில் சென்னையிலிருந்து வருபவரைத் திண்டிவனம் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டு வண்டி போய்விடும். பையும் குழந்தையுமாக இருட்டில் நான்குவழிச் சாலையைக் கடப்பது அவர் பாடு. விடுமுறை நாட்களில் நடத்துநர் ‘திருச்சி டிக்கெட் மட்டும் ஏறுங்க’ என்று கூவுவார். பாதி வழியில் காலியாகும் இருக்கைக்கு ஆள் கிடைக்காது என்பது அவர் கணக்கு. திண்டிவனத்தில் மேம்பாலத்தை ஒட்டிய சாலையோரமே நெடுங்காலம் பேருந்து நிறுத்தமாக இருந்தது. புதிய பேருந்து நிலையம் பல தேர்தல்களின் வாக்குறுதியாக இருந்து, 2020களில் கட்டுமானமாக மாறியது. விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது வழக்கம்.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும் உரியது. ஊர்விட்டு ஊர் செல்லும் வண்டிகளில் அது செல்லாது. ஆகவே கிராமத்திலிருந்து விழுப்புரம் வரை இலவசமாக வரும் பெண், அங்கிருந்து திண்டிவனத்துக்குப் பயணச்சீட்டு எடுத்தாக வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று சென்னைப் புறநகரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் நகருக்குள் இருக்கும் கோயம்பேட்டை விட்டு அங்கே நின்றுவிட, இவ்வூர்க்காரர்களுக்குச் சென்னையின் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் இன்னொரு வண்டி கூடுதலாயிற்று.

ஒற்றைத் தடம்

மாற்றுப் பாதைகள் இல்லாததன் விளைவு 2024 ஃபெஞ்சல் புயலில் தெரிந்தது. இவ்விரு நகரங்களுக்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 அன்று வண்டிகள் நிறுத்தப்பட்டன. தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே நெடுஞ்சாலையையும் மூடியது. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதும் இதே முண்டியம்பாக்கத்தில் என்பதால், வழி அடைபட்டால் நோயாளிகளுக்கும் சிரமம்.

தற்போது

சென்னை எழும்பூர் – திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பர் முதல் விழுப்புரத்தில் நின்று செல்கிறது, திண்டிவனத்தில் நிற்பதில்லை. சென்னைக் கடற்கரை – வேலூர் ரயில் 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது, ஆனால் திண்டிவனம், விழுப்புரம் வழியாக அல்ல, காட்பாடி வழியாக. பௌர்ணமி கிரிவலத்துக்கு விழுப்புரத்திலிருந்து சிறப்பு ரயில்கள் உண்டு.