கான்டாவில் ஒரு கூடம்

பழைய புத்தகம் தேடி டோக்கியோவின் கான்டா பக்கம் போகும்போதெல்லாம், சாருகாகுச்சோவில் இருக்கும் கொரிய ஒய்.எம்.சி.ஏ. வாசலின் நினைவுக் கல்லையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். 1919 பிப்ரவரி 8 அன்று கொரிய மாணவர்கள் விடுதலைப் பிரகடனம் வாசித்ததை அது சொல்கிறது. எல்லோரும் அந்த ஒரு நாளைத்தான் எழுதுகிறார்கள். என் மனம் அதற்கு முந்தைய வருடங்களில்தான் நிற்கும்.

1905இல் கொரியாவின் புசானுக்கும் ஜப்பானின் ஷிமோனோசெகிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. படிக்க வந்த கொரியப் பிள்ளைகள் ராத்திரிக் கப்பலில் கடலைத் தாண்டி, ரயிலேறி டோக்கியோ வந்தார்கள். மறுவருடமே அவர்களுக்கென்று ஒய்.எம்.சி.ஏ. பிறந்தது. 1910இல் கொரியாவை ஜப்பான் விழுங்கியது. படிக்க வந்த ஊரே ஆள்கிறவர்களின் தலைநகரம். வகுப்பில் அவர்கள் மொழி, தெருவில் பின்தொடரும் போலீஸ். சொந்த மொழியில் வாய்விட்டுச் சிரிக்கவும் சண்டைபோடவும் அந்த ஒய்.எம்.சி.ஏ. கூடம் ஒன்றுதான் இருந்தது.

என்னவெல்லாம் செய்தார்கள்! பேச்சுப் போட்டி நடத்தினார்கள். பேஸ்பால் கற்று, 1909 கோடையில் சியோலுக்கே அணியாகப் போய் மிஷனரிகளுடன் ஆடினார்கள். 1914இல் ‘ஹக்ஜிக்வாங்’ பத்திரிகை தொடங்கினார்கள். அரசு இதழைத் தடுத்தால் அடுத்த இதழுக்கு எழுத உட்கார்ந்தார்கள். மாணவிகள் 1917இல் ‘யோஜாகே’ என்று தங்களுக்கும் ஒன்று கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் வரலாற்றின் ஓரக் குறிப்பாகத் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. ஒருவரையொருவர் நம்பலாம் என்று அவர்கள் அறிந்தது இங்கேதான்.

பிப்ரவரி 8 கூட்டத்துக்குச் சொன்ன காரணமே மாணவர் சங்கத் தேர்தல்தான். வழக்கமாகக் கூடுகிறவர்கள் கூடினார்கள்; நூற்றுக்கணக்கானோர். வசேடா மாணவர் யீ குவாங்-சு எழுதிய பிரகடனம் அங்கே வாசிக்கப்பட்டது. அவர் பிற்காலத்தில் ஜப்பானிய அரசின் பக்கம் சாய்ந்தது எனக்கு ஆறாத வருத்தம். ஆனால் அன்று அது ஒருவருடைய எழுத்தாக இல்லை. பதினொரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். கூட்டம் முடிவதற்குள் போலீஸ் நுழைந்துவிட்டது. சிறைப்பட்டவர்களுக்காக வாதாடியவர்களில் ஃபுசே தட்சுஜி என்ற ஜப்பானிய வழக்கறிஞரும் உண்டு. அவரையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

மாணவி கிம் மரியா ஜப்பானியப் பெண்போலக் கிமோனோ உடுத்தி, இடுப்புப் பட்டிக்குள் பிரகடனத்தின் பிரதிகளை ஒளித்துப் புசான் போய்ச் சேர்ந்தார். மார்ச் 1ஆம் தேதி கொரியா முழுக்கக் கிளர்ந்த எழுச்சிக்கு இந்த மாணவர்களும் ஒரு தூண்டுகோல்.

அதற்கு முன்பே, பிப்ரவரி 12 அன்று, தலைவர்கள் சிறைக்குள் இருக்க, நூறு பேரளவில் ஹிபியா பூங்காவில் மறுபடியும் கூடினார்கள். கூடத்தில் விட்டதைத் திறந்த வெளியில் தொடர வந்தவர்கள் அவர்கள். போலீஸ் வரும் என்று தெரிந்தே வந்தார்கள்.