கோடெக் இல்லை: ஒரு பிழைச்செய்தியின் வரலாறு

அலுமாரிக்குள்ள கிடக்கிற பழைய டிவிடி ஒன்றை எடுத்துக் கணினியில் போடுகிறோம். டிஸ்க் சுத்துற சத்தம் கேட்கும், படம் மட்டும் வராது. டிகோடர் இல்லை எண்டு ஒரு செய்தி வரும், இல்லாட்டி பிராந்தியம் பிழை எண்டு வரும், இல்லாட்டி குரல் கேட்கும், திரை கறுப்பாகவே கிடக்கும். உடனே ‘டிஸ்க் பழுது’ எண்டு சொல்லி மூலையில் போட்டுவிடுவோம்.

பலநேரம் டிஸ்கும் பழுதில்லை, கணினியும் பழுதில்லை. இரண்டுக்கும் நடுவில் மனிசர் வைத்த தடைகள் இருக்கின்றன: ஒரு உரிமக் கட்டணம், ஒரு உலக வரைபடம், ஒரு பூட்டு. இவை எப்படி வந்தன, ஆர் திறந்தார்கள் என்பது நாங்கள் பிறந்த காலத்தை ஒட்டி நடந்த கதை. பாடப்புத்தகத்தில் வராத கதை எண்டாலும் எங்கட வீடுகளோட சம்பந்தப்பட்டது.

கட்டணம்

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. சாதாரண டிவிடி ஒன்றில் 4.7 ஜிபி இடம் உண்டு. எங்கட நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு படத்தைச் சுருக்காமல் அப்படியே பதிந்தால் அந்த இடம் ஐந்து நிமிசத்துக்குத்தான் காணும். இரண்டு மணித்தியாலப் படம் உள்ள போகவேணுமெண்டால் சுருக்கத்தான் வேணும். சுருக்கி, பிறகு விரிக்கிற அந்த முறைக்குத்தான் கோடெக் எண்டு பெயர். டிவிடி படத்துக்கு எம்பெக்-2 முறையையும், ஒலிக்குப் பெரும்பாலும் டொல்பியின் ஏசி-3 முறையையும் பயன்படுத்தியது. ஒலியை விரிக்கிற டிகோடர் கணினியில் இருந்து, படத்தை விரிக்கிறது இல்லாவிட்டால் குரல் மட்டும் கேட்கும்.

எம்பெக்-2 ஒரு கம்பனியின் சொத்தல்ல. பல கம்பனிகளின் காப்புரிமைகள் அதில் இருந்தன. அவற்றைத் திரட்டி உரிமம் விற்றது எம்பெக் எல்ஏ என்ற நிறுவனம். 2010 அளவில் டிகோடர் ஒன்றுக்கு 2 டொலர். சின்னக் காசு மாதிரித் தெரியும். கோடிக்கணக்கான கணினிகளால் பெருக்கிப் பாருங்கள். 2001இல் வந்த வின்டோஸ் எக்ஸ்பியில் டிவிடிக்கான டிகோடர் இருக்கவில்லை. டிரைவோடு சேர்த்துத் தந்த பவர்டிவிடி, வின்டிவிடி போன்ற மென்பொருள்கள்தான் அதைக் கொண்டுவந்தன. கணினியை ஃபோர்மட் பண்ணினால் அதுவும் சேர்ந்து போய்விடும். ‘போன கிழமை ஓடினது, இப்ப ஓடுதில்லை’ என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் இப்படியொரு காரணமும் இருந்தது. விஸ்டாவிலும் வின்டோஸ் 7இலும் சில பதிப்புகளில் மட்டும் டிகோடர் வந்தது. 2012இல் வின்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசொஃப்ட் அதைத் திரும்பவும் எடுத்துவிட்டது.

வரைபடம்

ஹொலிவூட் படங்கள் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் வெளிவருவதில்லை, ஒரே விலையில் விற்பதுமில்லை. ஒரு நாட்டில் வாங்கின டிஸ்க் இன்னொரு நாட்டில் ஓடக்கூடாது என்பதற்காக உலகத்தை ஆறு பிராந்தியங்களாகப் பிரித்தார்கள். கனடா 1. பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் 2. அவுஸ்திரேலியா 4. இலங்கையும் இந்தியாவும் 5. எங்கட சொந்தக்காரர் சிதறிப்போன நாடுகளின் பட்டியலும் கிட்டத்தட்ட இதுதான். மாமா கனடாவில் கடையில் வாங்கி அனுப்புகிற ஆங்கிலப் படம் இங்க ஓடாமல் போனதற்குக் காரணம் இந்த எண்கள். கணினி டிரைவின் பிராந்தியத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம். அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே அது நின்றுவிடும்.

பூட்டு

மூன்றாவது தடை சிஎஸ்எஸ் என்ற மறைகுறியாக்கம். உரிமம் வாங்கின பிளேயர்களிடம் மட்டும் சாவி இருக்கும். லினக்ஸ் பாவிக்கிற ஆக்களுக்கு அந்தக் காலத்தில் அப்படி உரிமம் பெற்ற பிளேயர் இருக்கவில்லை. காசு கொடுத்து வாங்கின டிஸ்கைத் தங்கட கணினியில் பார்க்க வழியிருக்கவில்லை.

1999 ஒக்டோபரில் டீசிஎஸ்எஸ் என்ற சின்ன நிரல் இணையத்தில் வெளியானது. அதோடு பெயர் சேர்ந்தவர் யோன் லெக் யோஹான்சன், நோர்வேயைச் சேர்ந்த 15 வயதுப் பெடியன். பூட்டின் சாவி 40 பிட் நீளம்தான். அந்தக் காலத்துக்கே அது பலவீனம். 2000 ஜனவரியில் நோர்வேப் பொலிஸ் அவருடைய வீட்டைச் சோதனை போட்டது.

பிறகு நடந்ததுதான் வரலாற்று மாணவர்களுக்கு முக்கியம். ஒரே நிரலுக்கு இரண்டு நாட்டில் இரண்டு தீர்ப்பு. அமெரிக்காவில் அந்த நிரலை வெளியிட்ட 2600 என்ற சஞ்சிகை மீது திரைப்படக் கம்பனிகள் வழக்குப் போட்டன. 2000 ஓகஸ்டில் சஞ்சிகை தோற்றது, 2001இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. நிரலும் ஒருவகைப் பேச்சுத்தான் எண்டு நீதிமன்றம் ஒத்துக்கொண்டது, ஆனால் அதைத் தடுக்கலாம் எண்டும் சொன்னது. எதிர்ப்புத் தெரிவித்த ஆக்கள் நிரலை ரீசேட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நோர்வேயிலோ 2003 ஜனவரியில் யோஹான்சன் விடுதலையானார். அரசதரப்பு மேன்முறையீடு செய்தது, அந்த வருசம் டிசம்பரில் மீண்டும் விடுதலை. தான் முறையாக வாங்கின டிஸ்கைப் பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டு என்பதே அங்க நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

அதே காலத்தில் பிரான்சில் இன்னொரு வேலை நடந்தது. 1996இல் எகோல் சென்ட்ரல் பரிஸ் மாணவர்களுக்கு விடுதி நெட்வேர்க் மிகவும் மெதுவாக இருந்தது. புதிசுக்குக் காசு திரட்ட ஒரு காரணம் வேணும். நெட்வேர்க் வழியாகத் தொலைக்காட்சி காட்டுவோம் எண்டு தொடங்கின மாணவர் திட்டம்தான் வீடியோலான். 2001 பெப்ரவரி 1ஆம் திகதி அது கட்டற்ற மென்பொருளாக வெளியானது. இண்டைக்கு எங்கட கணினிகளில் இருக்கிற விஎல்சி அதுதான். அதன் செம்மஞ்சள் கூம்பு, அந்த மாணவர்கள் சேர்த்துவைத்திருந்த வீதிக் கூம்புகளின் நினைவு. விஎல்சி தனக்குத் தேவையான டிகோடர்களைத் தன்னோடேயே கொண்டுவருகிறது. அதே திட்டத்தில் பிறந்த லிப்டிவிடிசிஎஸ்எஸ், களவெடுத்த சாவி ஒன்றுமில்லாமலே பூட்டைத் திறந்தது. எம்பெக்-2 காப்புரிமைகளும் 2018 பெப்ரவரியோடு அமெரிக்காவில் காலாவதியாகிவிட்டன.

வீட்டு டிஸ்க்குகள்

இனி எங்கட அலுமாரிக்கு வருவோம். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா, செத்தவீடு என்று வீடியோக்காரர் பதிந்து தந்த டிஸ்க்குகளில் சிஎஸ்எஸ் பூட்டும் இல்லை, பிராந்திய எண்ணும் இல்லை. கனடாவிலிருந்து வந்த கலியாண டிஸ்க் பழைய டிவியில் சரியாக ஓடாவிட்டால், அங்கத்தைய தொலைக்காட்சி முறை வேறு என்பதுதான் காரணம். கணினிக்கு அந்த வித்தியாசம் பொருட்டேயில்லை. இடம்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த வீடுகளில், ஒரு அம்மம்மாவின் முகம் இப்படியொரு டிஸ்கில் மட்டுமே இருக்கலாம்.

ஆகவே ஓடாத டிஸ்கை எறியவேண்டாம். முதலில் விஎல்சியில் போட்டுப் பாருங்கள். ஓடினால் இல்லாமல் இருந்தது டிகோடர் மட்டும்தான். ஓடாவிட்டால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கவேண்டாம். ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொரு டிரைவ் வாசிக்கும், சிநேகிதரின் பழைய லப்டொப்பிலும் போட்டுப் பாருங்கள். ஓடினதும் உள்ளே ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்கில் கொப்பி பண்ணுங்கள். இன்னொரு கொப்பியை வேறொரு வீட்டில் வையுங்கள்.

சட்டமும் கம்பனிகளும் போட்ட தடைகள் இந்த டிஸ்க்குகளைப் பொறுத்தவரை முடிந்த கதை. வெக்கையும் வெளிச்சமும் முடியவில்லை. எழுதக்கூடிய டிவிடியில் தரவைத் தாங்குவது ஒரு சாயப்படை, அது வருசம் போகப்போக மங்கும். புது லப்டொப்புகளில் டிரைவும் இல்லை. கொப்பி பண்ணின பிறகு வீட்டில் பெரியாக்களோட இருந்து ஒருக்காப் பாருங்கள். பின்வரிசையில் நிற்கிறது ஆரெண்டு சொல்லக்கூடிய ஆக்கள் இருக்கும்போதே பெயர்களை எழுதிவையுங்கள்.