வண்டி மையும் சுழல் மூட்டும்

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை செல்லும் பெருவழி, தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பதனிடும் தொட்டிகளை நோக்கி மாட்டுவண்டிகளில் வந்த காலம் ஒன்று உண்டு. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. அதன் பின்னரும் நிலையத்திற்கும் தொழிற்கூடத்திற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க வண்டியே துணையாயிற்று. அவ்வண்டியின் அடியில் ஒரு மூங்கிற்குழாய் தொங்கும். அதனுள் இருப்பது வண்டி மை; வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்தது.

அச்சின் அருமையைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். வழியில் அச்சு முறிந்தால் உதவுமாறு உமணர் தம் வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உவமையாக்கினார். பெரிய தேரையும் தாங்குவது சிறிய அச்சாணியே என்பதைக் குறள் நினைவூட்டுகிறது.

மாட்டுவண்டியின் அச்சு கண்ணுக்குத் தெரிவது. மை வறண்டால் கிறீச்சிட்டு முறையிடுவது. மோட்டார் வண்டி வந்தபோது இந்நிலை மாறிற்று. என்ஜினின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்ல வண்டியின் வயிற்றின் கீழே ஒரு நீண்ட தண்டு சுழல வேண்டும். சக்கரம் மேலும் கீழும் ஆடுவதால் தண்டு வளைந்து கொடுக்கவும் வேண்டும். இதற்கு விடையாக அமைந்ததே சுழல் மூட்டு. இத்தாலிய அறிஞர் கார்டானோ (1501–1576), ஆங்கில அறிஞர் இராபர்ட் ஹூக் (1635–1703) ஆகியோரின் பெயர்களை இம்மூட்டு இன்றும் தாங்கி நிற்கிறது. இதனை மோட்டார் வண்டிக்கு ஏற்றதாக்கி 1903இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர்.

சிலுவை வடிவான ஓர் எஃகுத் துண்டு. அதன் நான்கு முனைகளிலும் ஊசி போன்ற நுண்ணிய உருளைகள். பட்டறைகளில் இதனைக் ‘கிராஸ்’ என்பர். தொடக்ககால மோட்டார் வண்டிகளில் இம்மூட்டைச் சுற்றித் தோலுறை ஒன்றைக் கட்டி, அதனுள் கிரீஸை அடைத்து வைத்தனர். புழுதி புகாமல் காத்த பொருள் தோலே என்பது நம் வட்டாரத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி. பின்னர் அந்த இடத்தை இரப்பர் பிடித்துக்கொண்டது. கிரீஸை அழுத்திச் செலுத்தும் சிறு வாய்க்கு ஆஸ்கர் சர்க் 1929இல் காப்புரிமை பெற்றார். நம் தொழிலாளர் ‘நிப்பிள்’ என அழைப்பது அதுவே.

இரண்டாம் உலகப் போரில் பிறந்த ஜீப், மலைப்பாதைக்கு உகந்த வண்டி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையோ, ஜவ்வாது மலையின் கரடுமுரடான தடங்களையோ நினைத்து, சிலர் அதன் உடலை மேலும் உயர்த்தி அமைக்கின்றனர். உடல் உயர உயரத் தண்டின் சாய்வு மிகுகிறது. 30 பாகைச் சாய்வில், ஒரு மூட்டின் மறுபுறத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். அதன் வேகம் ஏறத்தாழ 0.87 மடங்கிற்கும் 1.15 மடங்கிற்கும் இடையே ஊசலாடும். இக்குறையைத் தணிக்க இரண்டு மூட்டுகளை அடுத்தடுத்து வைத்த இரட்டை மூட்டைப் பொருத்துவர். ஆனால் அதன் நடுவிலுள்ள குண்டுக்குச் செல்லும் கிரீஸ் வாய், உலோகக் கவைகளின் இடுக்கில் ஒளிந்திருக்கும். வழக்கமான கிரீஸ் துப்பாக்கியின் வாய் அங்கே நுழையாது. சக்கரங்களுக்கு அடைகொடுத்து, தண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இடைவெளி கண்டு, ஊசிமுனைக் குழலால் செலுத்துதல் வேண்டும். சிலுவையின் நான்கு முனைகளிலும் பழைய கிரீஸ் வெளிவந்து புதியது தலைகாட்டும் வரை நிறுத்தலாகாது. மூன்று முனைகளில் வந்தது போதும் என்று எழுந்துவிட்டால், நான்காம் முனை வறண்டு தேயும்.

இது சிறு குறைதானே என எண்ணற்க. பழைய வில்லிஸ் ஜீப்பின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. தண்டு புறப்படும் இடத்தில் இருக்கிறது. மலையேற்றத்தில் பின்தண்டின் மூட்டு முறிந்தால், பின்சக்கரங்களை உந்தும் ஆற்றலும் போயிற்று. கைப்பிரேக்கின் பிடியும் போயிற்று. மிதிபிரேக் ஒன்றே மிச்சம். வண்டியிலிருப்போர் உயிர், நெல்லளவு எண்ணெய்ப்பசையில் தங்கியிருக்கிறது.

இன்று நிப்பிளே இல்லாமல் அடைக்கப்பட்ட மூட்டுகள் பெருகியுள்ளன. ஆயினும் நிப்பிள் உள்ள வண்டிக்கு உரியதை ஊட்டுவது உடையவர் கடனே. எண்ணெய் உள்ளிழைகளில் ஊறாத தோல், மேலே எத்துணை மெருகிட்டாலும் மடிக்குமிடத்தில் வெடிக்கும் என்பதை ஆம்பூர்த் தொழிலாளி அறிவான். இரும்புக்கும் அந்த நீதியே. மூங்கிற்குழாயை மறவாமல் கட்டிச் சென்ற வண்டிக்காரரின் விழிப்பு, வண்டியின் கீழே மல்லாந்து படுத்து நான்காம் முனையையும் பார்த்து எழுகின்ற தொழிலாளியிடம் இன்றும் வாழ்கிறது.