கீறியவரும் கல்லெறிந்தவர்களும்

பழைய எகிப்து என்றாலே பிரமிடும் தங்க முகமூடியும்தான் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. பிணத்தைப் பதப்படுத்திய கைகளை நாம் பார்ப்பதில்லை.

மறுமையில் வாழ உடல் அழியாமல் இருக்க வேண்டும் என்று எகிப்தியர் நம்பினார்கள். அதனால் குடல், ஈரல், நுரையீரலை எடுத்துவிட்டு உடலை நேட்ரான் உப்பில் உலர்த்தினார்கள். இதயத்தை உள்ளேயே விட்டார்கள். ஒசைரிஸ் முன்னால் தராசில் நிறுக்கப்படுவது அதுதான்.

உறுப்புகளை எடுக்க உடலின் இடப்பக்கம் கீற வேண்டும். கி.மு. முதல் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுவதைப் பாருங்கள். எங்கே கீறுவது என்று எழுத்தர் ஒருவர் குறியிடுவார். இன்னொருவர் கல் கத்தியால் கீறுவார். கீறிய உடனே ஓட்டம் பிடிப்பார். கூட இருந்தவர்கள் சபித்துக்கொண்டே கல்லெறிந்து துரத்துவார்கள். தம் இனத்தவரின் உடலைக் காயப்படுத்தியவர் வெறுக்கத்தக்கவராம்!

கீறாமல் சடங்கே நடக்காது. ஆனாலும் கல் அவருக்குத்தான். அதே உடலுக்குள் கைவிட்டு உறுப்புகளை எடுத்தவர்களுக்கோ தனி மரியாதை. அவர்கள் பூசாரிகளோடு பழகினார்கள், கோயிலுக்குள் தடையின்றிப் போனார்கள். குறியிட்ட எழுத்தர் மீது கல் விழுந்ததாக டியோடோரஸ் சொல்லவில்லை.

அந்தக் கல்லெறி வெறும் சடங்காகவும் இருந்திருக்கலாம். ஆனால் சடங்கிலும் யார் ஓட வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்தது. பதப்படுத்தும் தொழில் குடும்ப வழியாக வந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார்.