எங்கள் தெரு மனுவும் ராத்திரிச் சத்தத்தின் வரலாறும்



இரண்டு வாரமாக நான் எதுவும் எழுதவில்லை என்று சிலர் போன் செய்து விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் இல்லை. எங்கள் தெருமுனையில் நெடுஞ்சாலை மேம்பாலம் கட்டுகிறார்கள். பெரும்பாலான வேலை இரவில்தான்.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு மனுவோடு வந்தார். "டீச்சர், நீங்கதான் முதல் கையெழுத்துப் போடணும்" என்றார். "இரவு வேலையை உடனே நிறுத்த வேண்டும்" என்று ஒரே வரி. அவர் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. என் வீட்டுக்காரர் இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர். கையெழுத்துப் போட எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் பேனா ஓடவில்லை.

ஏனென்றால், இதே இடத்தில் மேம்பாலம் வேண்டும் என்று பல வருடங்களுக்கு முன் எழுதிய மனுவிலும் முதல் கையெழுத்து என்னுடையதுதான். என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்த ஒரு பையன் சைக்கிளில் அந்தச் சந்திப்பைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோனான். அவன் வகுப்புத் தோழர்கள் இதைப் படிப்பீர்கள், உங்களுக்கு அவன் பெயர் மறந்திருக்காது. பாலம் வேண்டும் என்று கேட்டவளே இன்று பால வேலையை நிறுத்து என்று எழுதலாமா?

"ரெண்டு நாள் டைம் கொடுங்க தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பழைய பழக்கப்படி வரலாற்றைப் புரட்டினேன்.

இந்தச் சண்டைக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். கி.மு. 45-ஐ ஒட்டி, ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் ஒன்று ரோம் நகரத் தெருக்களில் சூரிய உதயத்திலிருந்து மாலை வரை பார வண்டிகள் ஓடக்கூடாது என்றது. பகலில் நடப்பவர்களுக்கு வழி விட வேண்டும் என்பது நோக்கம். கோயில் கட்டவும் பொதுப்பணிக்கும் பொருள் ஏற்றி வரும் வண்டிகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் மற்ற வண்டிகளெல்லாம் இரவுக்கு மாறின. நூறு, நூற்றைம்பது வருடம் கழித்து ஜுவெனல் என்ற கவிஞர், குறுகலான தெருக்களில் வண்டிகளும் மாட்டுக்காரர்களும் போடும் சத்தத்தில் வாடகை வீட்டு ஏழைகளுக்குத் தூக்கமே இல்லை என்று புலம்பினார். பகலின் சிரமத்தைத் தூக்கி இரவின் தலையில் வைத்தார்கள். அதைச் சுமந்தவர்கள் வசதியில்லாதவர்கள்.

அடுத்து 1906-க்கு வாருங்கள். நியூயார்க்கில் ஜூலியா பார்னெட் ரைஸ் என்ற அம்மையார், மருத்துவம் படித்தவர், ஹட்சன் ஆற்றங்கரையில் வசித்தார். ஆற்றில் போகும் இழுவைப் படகுகள் இரவெல்லாம் ஊதல் ஊதின. அவர் வெறுமனே புகார் எழுதவில்லை. சட்டம் படிக்கும் மாணவர்களை நியமித்து எண்ணச் சொன்னார். ஒரே இரவில் ஏறக்குறைய 3,000 ஊதல்கள்! ஆற்றோர மருத்துவமனை நோயாளிகள் படும் பாட்டையும் திரட்டினார். 1907-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. அவர் தொடங்கிய சங்கத்தின் பெயரைக் கவனியுங்கள்: "தேவையற்ற சத்தத்தை ஒடுக்கும் சங்கம்". கப்பலை நிறுத்தச் சொல்லவில்லை. தேவையற்றதை நிறுத்தச் சொன்னார்.

பிரிட்டன் இதை இன்னும் ஒழுங்காகச் செய்தது. 1974-இல் வந்த மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, எந்த இயந்திரம், எந்த நேரம், எவ்வளவு சத்தம் என்று கட்டுமானக்காரருக்கு உள்ளாட்சி மன்றம் நிபந்தனை போடலாம். கட்டுமானக்காரரும் என்ன வேலை, எந்த முறை, சத்தத்தைக் குறைக்க என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம்.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். டெசிபல் கணக்கு நம் கூட்டல் கணக்கு மாதிரி இல்லை. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. 2010-இல் சேர்த்த விதி, சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களைக் குடியிருப்புப் பகுதியில் இரவில் இயக்கக்கூடாது என்றே சொல்கிறது. 2012-இல் ராம்லீலா மைதான வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்கமும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்றது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மீது நள்ளிரவில் போலீஸ் நடவடிக்கை எடுத்ததால் வந்த வழக்கு அது.

ஆனால் மும்பையில் நடந்ததையும் பாருங்கள். மெட்ரோ மூன்றாம் வழித்தடத்தின் இரவு வேலையை கஃப் பரேட் பகுதியில் உயர் நீதிமன்றம் 2017-இல் தடுத்தது. 2018-இல் மறுபடி அனுமதித்தது. ஊருக்கே பயன்படும் வேலையும் ஒரு வீட்டின் தூக்கமும் மோதும்போது நீதிமன்றத்துக்கும் தராசு இப்படியும் அப்படியும் ஆடுகிறது.

சாலைப் பணியில் பொறியாளராக இருக்கும் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். "டீச்சர், ஓடுற ரோட்டு மேல கர்டரைப் பகல்ல தூக்க முடியாது. கீழ வண்டி போகக்கூடாது. கான்கிரீட் போட ஆரம்பிச்சா பாதியில நிறுத்தவும் முடியாது" என்றான். "ஆனா எல்லா வேலையும் அப்படி இல்ல டீச்சர்" என்று அவனே சொன்னான். அமெரிக்காவின் பாஸ்டனில் 1991-இல் தொடங்கி, நகரின் நடுவே போன நெடுஞ்சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கிய வேலையைச் சொன்னான். அங்கே இரவு வேலை வருடக்கணக்கில் நடந்தது. அதற்காகச் சத்தத்துக்கு வரம்பு வைத்து, அளந்து, பாதிக்கப்பட்ட வீடுகளின் ஜன்னல்களுக்குச் சத்தம் தடுக்கும் ஏற்பாடு செய்து கொடுத்தார்களாம். வண்டி பின்னால் வரும்போது அடிக்கும் எச்சரிக்கை ஒலியைக்கூட இரவுக்கு ஏற்பக் குறைக்கும் கருவி வைத்தார்களாம்.

அன்று இரவு ரைஸ் அம்மையார் வழியில் இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் ஜன்னலோரம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். 10 மணி முதல் 1 மணி வரை எண்ணினோம். ரிவர்ஸ் அலாரம் 64 முறை. ஹாரன் 41 முறை. இரும்புக் கம்பியை மேலிருந்து போடும் சத்தம் 23 முறை. கர்டர் தூக்கியது? ஒரு முறைகூட இல்லை. அன்று முழுவதும் நடந்தது கம்பியும் ஜல்லியும் இறக்கும் வேலை. பகலில் செய்யக்கூடிய வேலை.

மறுநாள் மனுவை மாற்றி எழுதினோம். பாலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கர்டர், கான்கிரீட் போன்று இரவில்தான் முடியும் வேலைக்கு ஒரு வாரம் முன்பே தேதி சொல்லுங்கள். பொருள் இறக்குவதை இரவு 9 மணிக்குள் முடியுங்கள். ஜெனரேட்டரை வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் வைத்து மறைப்புக் கட்டுங்கள். ஹாரன் வேண்டாம். கூப்பிட்டால் எடுக்கும் ஒரு போன் எண்ணைப் பலகையில் எழுதுங்கள். தேர்வு நாட்களுக்கு முந்தைய இரவுகளை விட்டுவிடுங்கள். எங்கள் எண்ணிக்கைத் தாளையும் இணைத்தோம். இந்த மனுவில் முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்.

கொடுக்கப் போனபோது, பகல் பன்னிரண்டு மணிக்கு, தகரக் கொட்டகையில் வேலையாட்கள் படுத்திருந்ததைப் பார்த்தேன். ஒடிசா, பீகார் பிள்ளைகள். வெயிலில் தகரம் கொதிக்கிறது, பக்கத்தில் லாரி சத்தம். நாங்கள் பகலிலாவது கண் அசருகிறோம். அவர்களுக்கு இரண்டும் இல்லை. எங்கள் மனுவில் அவர்கள் தூக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேனா வாங்கி, அவர்கள் படுக்க நிழலான நல்ல இடம் வேண்டும் என்று அங்கேயே கடைசியில் எழுதிச் சேர்த்தேன்.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். பொருள் இறக்குவது பகலுக்கு மாறிவிட்டது. பலகையில் எண் வந்துவிட்டது. கர்டர் ஏற்றும் நான்கு இரவுகளின் தேதியும் தந்துவிட்டார்கள், மூன்று தேர்வு முடிந்த பிறகு. நான்காவதுக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஜெனரேட்டர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொட்டகை பற்றிப் பதில் வரவில்லை, அடுத்த வாரம் மறுபடி போவேன்.

உங்களில் சிலர் பொறியாளர்கள், ஒப்பந்த வேலை எடுப்பவர்கள், அதிகாரிகள். உங்கள் வேலை நடக்கும் இடத்தருகே ஒரு வீட்டில் யாரோ படிக்கிறார்கள், யாரோ நோயில் கிடக்கிறார்கள். வேலையை ஆரம்பிக்கும் முன் அவர்கள் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்றவர்களுக்கு: மனு எழுதும் முன் ஒரு இரவு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எது தேவை, எது தேவையில்லை என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

நேற்று இரவு என் வீட்டுக்காரர் ஐந்து மணி நேரம் தூங்கினார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்