கிளச் போட்ட கதை

"அண்ணை, இந்தக் காரை வித்தால் 700 பவுண் வாறதே பெரிய காரியம். கிளச்சுக்கு மட்டும் 480. யோசிச்சுச் சொல்லுங்கோ."

ஃபாரஸ்ட் கேட்டில், வான்ஸ்டெட் பார்க் ஸ்ரேசனடியில் ரயில் பாலத்து வளைவுகளுக்குக் கீழே சில கராச்சுகள் உண்டு. அதில் ஒன்றில் நின்றுதான் பெடியன் இப்படிச் சொன்னான். என்னுடையது 2004ஆம் ஆண்டுப் பதிவு, பெற்றோல் கார். கொஞ்ச நாளாக மூன்றாம் கியரில் மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது. வீட்டுக்கு நடந்து வரும்போது பெரியப்பாவின் சோமசெற் நினைவுக்கு வந்தது. கணக்கும் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒஸ்ரின் ஏ40 சோமசெற் பேமிங்காம் பக்கத்து லோங்பிரிஜ்ஜில் 1952 முதல் 1954 வரைதான் செய்யப்பட்டது. 1200 சிசி எஞ்சின், கியர் ஸ்ரேறிங்கோடு இருக்கும். ஒக்ஸ்போட் கௌலியில் செய்த மொறிஸ் மைனர் 1948 முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை வந்தது. இரண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்து கலியாணக் காராகவும் கயர் ஓடும் காராகவும் அரை நூற்றாண்டு ஓடின. நாங்கள் கெட்டிக்காரர் என்பதால் இல்லை. அறுபதுகளில் அந்நியச் செலாவணி வறண்டு கார் இறக்குமதியை இறுக்கிப் பூட்டினார்கள். 1977இல்தான் கதவு திறந்தது. இடையில் வைத்திருந்தவன் வைத்திருந்ததைத் திருத்தினான், அவ்வளவுதான். பெரியப்பாவின் காருக்கு ஈஎன் நம்பர், அதாவது 1957இல் சிங்கள 'ஸ்ரீ' வருவதற்கு முந்திய தகடு. எங்கள் ஆட்கள் தார் பூசி அழித்த எழுத்து அது. "என்ரை காருக்கு தார் தேவைப்படேல்லை" என்று அவர் பெருமையாகச் சொல்வார்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்க, வடக்குக்குப் பெற்றோல் நின்றது. அப்போதுதான் இந்தக் கிழட்டுக் கார்களின் அருமை தெரிந்தது. புது ஜப்பான் கார்கள் கொட்டிலுக்குள் படுக்க, ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. காரணம் பெரிய மந்திரமில்லை. பழைய எஞ்சினின் அமுக்க விகிதம் கிட்டத்தட்ட ஏழுக்கு ஒன்று. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் அதை ஊற்றினால் இடித்தே உடைந்துவிடும், பழசு தாங்கும். ஸ்ரார்ட் பண்ண மட்டும் ஊசிமருந்துப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய். பின்னால் வெள்ளைப் புகை. அந்த மணத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் அதற்கும் ஒரு வட்டி இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். தண்ணியான ஒயில் பின்பக்கத்தால் கசிந்து கிளச் பிளேற்றில் படும். பிறகென்ன, வழுக்கல்தான். 1995 ஆவணியில் சோமசெற்றுக்கு அதுதான் நடந்தது. பேச்சுவார்த்தை முறிந்து நாலு மாதம், நவாலிக் கோயிலில் குண்டு விழுந்து ஒரு மாதம். புதுப் பிளேற் எங்கே வாங்குவது? மெக்கானிக் ஒரு பழைய லொறியின் லைனிங்கை வெட்டி, துளையிட்டு, ரிவிற் அடித்துத் தருவதாகச் சொன்னார். கூலியும் சாமானும் சேர்த்தால் பெரியம்மாவின் சங்கிலியில் ஒரு பவுண் போகும். (பவுண் என்றால் எங்களுக்கு இரண்டு. இந்தக் கதை முழுக்க அதுதான் குழப்பம்.)

வீட்டில் பெரிய சண்டை. "இந்தத் தகரத்துக்கோ என்ரை நகை?" என்றா பெரியம்மா. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் மாமரக் கொப்பில் செயின் புளொக் தொங்கியது. எஞ்சினைக் கழற்றி வெளியில் எடுத்து, பாயில் வைத்து வேலை செய்தார்கள். நான் மண்ணெண்ணெயில் நட்டுகள் கழுவிக் கொடுத்தேன்.

ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பியது. மழை. அம்மம்மா, பக்கத்து வீட்டு வாதக்கார ஐயா, இரண்டு குழந்தைகள், அரிசி மூட்டை எல்லாம் சோமசெற்றில். நாங்கள் சைக்கிளோடு பக்கத்தில் நடந்தோம். நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஐந்து இலட்சம் சனம் ஒரே தெருவில். முழு வேகத்தில் ஓடும் கார் கிளச்சைத் தின்னாது, இப்படி அரைக்காலில் அரக்கி அரக்கிப் போவதுதான் தின்னும். கைதடிக்கு வரும்போது லைனிங் எரிந்த மணம் உள்ளுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் விடிந்து வெகுநேரத்துக்குப் பிறகு கொடிகாமம் போய்ச் சேர்ந்தது. பிறகு அது அங்கிருந்து அசையவில்லை. 1996இல் திரும்பிப் போனவர்கள் காரை விட்டுவிட்டுத்தான் போனார்கள். பெரியம்மா சங்கிலியைப் பற்றி அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

இந்தக் கணக்கை ஒரு ஆங்கிலேயரும் போட்டுப் பார்த்தார் என்பது எனக்கு இங்கு வந்தபின்தான் தெரியும். பாத் நகரில் 1976இல் மொறிஸ் மைனர் நிலையம் தொடங்கிய சார்ள்ஸ் வெயர், நீடித்து உழைக்கும் கார் வைத்திருப்பது பற்றி 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். புதுக் கார் வாங்கியவன் ஒவ்வொரு வருடமும் தேய்மானத்தில் இழக்கும் காசை, பழைய காரைத் திருத்தச் செலவழித்தால் மிச்சம் வரும் என்பது அவர் வாதம். அதற்குத் தேவையான உதிரிப்பாகங்களைத் தொண்ணூறுகளில் எங்கே செய்வித்தார் தெரியுமா? இலங்கையில்!

பிரித்தானிய அரசு மறுபக்கம் போனது. 2009இல் பத்து வருடத்துக்கு மேற்பட்ட காரைக் கொடுத்தால் புதுக் காருக்கு 2000 பவுண் கழிவு. கிட்டத்தட்ட 4 இலட்சம் கார்கள் நசுக்கப்பட்டன. பிறகு தூய காற்று வலயம். 2021 ஒக்ரோபர் 25 அன்று அது ஃபாரஸ்ட் கேட்டையும் விழுங்கியது. விதிக்கு உட்படாத காருக்கு நாளுக்கு 12.50. காற்று சுத்தமாக வேண்டும்தான், றொம்ஃபோட் ரோட்டில் பிள்ளை வளர்ப்பவனுக்கு அது தெரியும். ஆனால் வேடிக்கை ஒன்று. நாற்பது வயது தாண்டிய வரலாற்று வாகனத்துக்குக் கட்டணமில்லை. பெரியப்பாவின் சோமசெற் இன்று இங்கே இருந்தால் சும்மா ஓடலாம்.

என்னுடைய காரின் நம்பரைத் தட்டிப் பார்த்தேன். கட்டணமில்லை என்று வந்தது. அடியில் பெரிய கறள் இல்லை. ஒயில் கசிவும் இல்லை. 480ஐ 700உடன் ஒப்பிடுவதில்தான் பிழை. 700க்கு இன்னொருவன் கழித்துவிட்ட கார்தான் வரும், அதன் கிளச் எப்படியோ யாருக்குத் தெரியும்? ஒப்பிட வேண்டியது அடுத்த காரின் விலையோடு.

இன்று காலை போன் எடுத்து, போடச் சொல்லிவிட்டேன். பெயரிங்கையும் சேர்த்து மாற்று, பிளைவீலையும் ஒருக்கால் பார் என்றேன். "அண்ணை, உங்கடை காசு" என்று சிரித்தான். வியாழக்கிழமை பின்னேரம் வந்து எடுக்கட்டாம். அதுவரைக்கும் 25ஆம் நம்பர் பஸ்தான்.