உல்கும் மடிக்கணினியும்

சுங்கத்துக்குத் தமிழில் உல்கு என்றொரு பழம்பெயர் உண்டு. இன்று வழக்கொழிந்துவிட்ட அச்சொல் திருக்குறளில் இடம்பெற்றிருக்கிறது. அரசனுக்கு உரிய பொருள் எவை எனப் பொருள் செயல்வகை அதிகாரத்தில் கூறும் வள்ளுவர், உரியவர் இன்றித் தானே வந்து சேர்வது, உல்காக வருவது, பகைவரை வென்று பெறுவது என மூன்றைக் குறிப்பிடுகிறார். வணிகரிடம் பெறும் வரி அன்றே அரசின் வருவாயில் முறையான ஓரிடம் பெற்றுவிட்டது என்பது இதனால் தெரிகிறது.

அந்த வரி எவ்வாறு தண்டப்பட்டது என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காட்டுகிறார். காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிலிருந்து கரையேறும் பண்டங்களும் கரையிலிருந்து கலமேறும் பண்டங்களும் அளவின்றிக் குவிந்து கிடக்கின்றன. அவற்றின்மேல் சோழனின் புலிப்பொறி இடப்படுகிறது. உல்கு கொள்வோர் ஞாயிற்றின் தேரில் பூட்டிய குதிரைகளைப் போல ஓய்வறியாமல் உழைக்கின்றனர். நம் துறைமுகங்களில் இன்று நடப்பதும் ஏறத்தாழ இதுதான். ஆனால், பாட்டு கருவூலத்தின் பக்கம் நின்றே பேசுகிறது. அந்தப் பண்டத்தை இறுதியில் வாங்கியவன் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தான் என்ற செய்தி அதில் இல்லை.

கடலின் மறுகரையிலிருந்து அதற்கு ஒரு சான்று கிடைத்திருக்கிறது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று, முசிறி வணிகம் தொடர்பான கடன் ஒப்பந்தத்தைத் தாங்கியிருக்கிறது. 1985இல் அது பதிப்பிக்கப்பட்டது. ஏட்டின் மறுபக்கத்தில் எர்மபோல்லன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு உள்ளது. இச்சரக்குக்கு உரோமப் பேரரசு பெற்ற சுங்கம் நாலில் ஒரு பங்கு, அதாவது 25 விழுக்காடு. சேர நாட்டு மிளகும் தந்தமும் அங்கே அத்தனை விலை பெற்றதற்குக் கடற்பயணத்தின் இடர் மட்டும் காரணமன்று.

வரியை நீக்கிப் புகழ் பெற்ற மன்னனும் நமக்கு உண்டு. 1070இல் அரியணை ஏறிய முதற்குலோத்துங்கனைக் கல்வெட்டுகள் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்கின்றன. ஒரு வரியைக் கைவிட்டதே விருதுப்பெயராக நிலைக்கும் எனில், அந்த வரியின் சுமை எத்தகையதாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மதுரை கடற்கரை ஊர் அன்று. வெளிநாட்டுப் பொருள் எதுவாயினும் வேறெங்கோ கரையிறங்கி, அங்கே தீர்வை கட்டி, அதன் பிறகே வையைக் கரைக்கு வந்து சேர வேண்டும். தல்லாகுளத்தில் ஒருவர் அயல்நாட்டிலிருந்து மடிக்கணினி வருவிக்க எண்ணினால் இன்றும் அதே நிலைதான். ஆகவே, மதுரையில் ஒரு கருவியின் விலை என்ன என்பதை மதுரை ஒருநாளும் முடிவு செய்ததில்லை.

இதன் விளைவைத் தமிழ் இலக்கியத்தின் அண்மைக்கால வரலாற்றிலேயே காணலாம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, நூலகமும் அச்சகமும் அதனுடன் இணைந்து வளர்ந்தன. ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்கள் மாறிய காலத்தில் மதுரை அப்பணியின் நடுவே இருந்தது. அச்சிலிருந்து கணினிக்கு மாறும் காலம் வந்தபோது நிலைமை வேறு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மின்னூல் முயற்சிக்கு ‘மதுரைத் திட்டம்’ என்று பெயர். சங்கம் வளர்த்த ஊரின் பெயர்தான். எனினும், அதை முன்னின்று நடத்திய முனைவர் கு. கல்யாணசுந்தரம் வாழ்ந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். தமிழ் இணைய மாநாடும் முதலில் 1997இல் சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமியின் முயற்சியால் கூடிற்று. சென்னையில் அத்தகைய மாநாடு நடந்தது 1999இல். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர்.

இதற்குக் காரணங்கள் பல. புலம்பெயர்ந்தோரின் மொழிப்பற்று ஒன்று. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் கிடைத்தது என்பது மற்றொன்று. கருவியின் விலையையும் இவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும். சிங்கப்பூர் தடையற்ற வணிகத் துறைமுகம். இந்தியாவிலோ 1991 சீர்திருத்தத்துக்கு முன்னர்ச் சில பொருள்களின் சுங்கம் 300 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. அவ்வாண்டு உச்ச வரம்பைக் குறைத்தபோதுகூட அது 150 விழுக்காட்டில்தான் நின்றது. 1984இல் அறிவிக்கப்பட்ட கணினிக் கொள்கை கதவைச் சற்றே திறந்தது. கல்லூரி ஆசிரியரின் வீட்டுக்குள் கணினியைக் கொண்டுவர அது போதவில்லை. ஏட்டுச்சுவடி படிக்கத் தெரிந்தவர்கள் ஓரிடத்திலும் தட்டச்சு செய்யும் கருவி வேறோரிடத்திலும் இருந்தன.

இந்தச் சுவர் இடிந்தது உலக வணிக அமைப்பின் வழியாக. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்குச் சுங்கத்தை நீக்கும் உடன்பாடு 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உருவாயிற்று. 1997இல் இந்தியா அதில் சேர்ந்தது. 2005க்குள் கணினிக்கான அடிப்படைச் சுங்கம் சுழியமாயிற்று. 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் தம்முடன் ஒரு மடிக்கணினியைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்ற சலுகை 2004 முதல் இருந்து வருகிறது. சுங்கம் தவிர்த்த பெருமையை இக்கால அரசும் கோரலாம்.

ஆயினும், கூரியரில் வருவிப்பவர் கணக்கு வேறு. மடிக்கணினியின் விலை 60,000 ரூபாய், அனுப்பும் செலவு 4,000, காப்பீடு 1,000 என்று கொள்வோம். சுங்கத் துறை இம்மூன்றையும் கூட்டி 65,000 ரூபாயையே மதிப்பாக எடுத்துக்கொள்ளும். அடிப்படைச் சுங்கம் இல்லை. ஆனால், 2017 ஜூலையில் வந்த சரக்கு மற்றும் சேவை வரியின்படி அம்மதிப்பின்மீது 18 விழுக்காடு, அதாவது 11,700 ரூபாய், கட்ட வேண்டும். ஆக மொத்தம் 76,700 ரூபாய். கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் இதில் சேராது. அனுப்பும் செலவுக்கும் வரி உண்டு என்பதைப் பலர் பொருள் வந்து சேர்ந்த பின்னரே அறிகின்றனர்.

2023 ஆகஸ்ட் 3 அன்று மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று நடுவண் அரசு அறிவித்ததும் நினைவிருக்கலாம். மறுநாளே அது தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் நவம்பர் முதல் இணையவழி அனுமதி முறையாக மாறியது. உரிய வரியைச் செலுத்தி ஒரே ஒரு மடிக்கணினி வருவிப்போருக்கு அவ்வறிவிப்பிலேயே விலக்கு இருந்தது. ஆனாலும், பழைய உரிமக் காலத்தை அறிந்தோர்க்கு அந்த ஒருநாள் அச்சம் போதுமானதாயிற்று.

இந்த 18 விழுக்காடு உள்நாட்டுக் கடையில் வாங்கினாலும் உண்டு என்பது உண்மையே. நான் எழுப்ப விரும்பும் வினா வேறு. வரிப்பதிவு பெற்ற வணிகர், தம் தொழிலுக்கு வாங்கும் கணினிக்குக் கட்டிய வரியைத் தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறார். மாணவருக்கும் ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கும் அந்த வழி இல்லை. முழுச்சுமையும் அவர்கள்மீதே தங்கிவிடுகிறது. அச்சு நூலுக்கு வரி இல்லை என்று சொல்லும் அதே சட்டம், அந்நூலைப் பதிப்பிக்கவும் சுவடியோடு ஒப்பிடவும் பயன்படும் கருவியைக் கேளிக்கைப் பொருளோடு சேர்த்து எண்ணுகிறது. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, இது கல்விக் கருவி என்பதை ஏற்றுக்கொண்டது. வரிச்சட்டம் இன்னும் அதை ஏற்கவில்லை.

அரசுக்கு உல்கு வேண்டாம் என்று வள்ளுவரே சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. கற்போர் தம் பெயரில் வாங்கும் ஒரு கணினிக்கு மட்டும் இவ்வரியைத் திருப்பித் தருவது கருவூலத்துக்குப் பேரிழப்பாகாது. அடுத்த மதுரைத் திட்டம் ஒன்று தொடங்குமாயின், அது மதுரையிலிருந்தே தொடங்குவதற்கு அது சற்று உதவும்.